எப்சிபா போடாத கையெழுத்து

சபைப் பதிவேட்டில் அவள் பெயர் எப்சிபா. ராசிங்காபுரத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர் முத்துப்பேச்சி. பத்தொன்பது வயதில் ஜீப் ஓட்டும் ஏசுவடியானுக்கு வாக்கப்பட்டபோது, கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போடி ஆலயத்தில் தலையில் தண்ணீர் ஊற்றி அந்தப் புதுப் பெயரைச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதம் வரைக்கும் மாமியார் "எப்சிபா" என்று கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவள்பாட்டுக்குப் பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள்.

எழுதப் படிக்கத் தெரியாது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களுக்காக அப்போதிருந்த ஆயரின் மனைவி சாயங்கால வகுப்பு ஒன்று நடத்தினார். அதில் சேர்ந்து இருபத்து நாலு வயதில்தான் அவள் அகர வரிசையைத் தொட்டாள். மூன்று வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும்படி சொன்னார்கள். ஒரு விரலை வரியின் கீழே ஓடவிட்டு, மூச்சு வாங்கி, ஒரு எழுத்தையும் விழுங்காமல் வாசித்து முடித்தாள். பின்வரிசையில் உட்கார்ந்து ஏசுவடியான் கண்ணைத் துடைத்துக்கொண்டதாக மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதன் பிறகு அந்த ஆலயத்தில் அவள் குரல் கேட்காத மாதம் இல்லை.

ஏசுவடியான் இரண்டாயிரத்து எட்டில் செத்தான். பூப்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டத்திலிருந்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் நெஞ்சு வலித்திருக்கிறது. ஜீப்பை மலைச் சுவரோரமாக ஒதுக்கி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். அவ்வளவுதான். பின்னால் இருந்த பதினோரு பெண்களும் உசுரோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அடக்கத்தன்று அந்தப் பதினோரு பேரும் கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தியும் கிறிஸ்தவச்சி இல்லை. உள்ளே வரலாமா என்று தெரியாமல் வெளியிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி கருப்பம்மாள். எப்சிபாவைவிடப் பத்து வயது மூத்தவள். கொஞ்ச நாளில் மகன் மகாராஜனுக்குத் தோட்டத்திலேயே நிரந்தர வேலை கிடைக்க, அவளும் புருஷனும் மலைக்கே குடிபோய்விட்டார்கள். தோட்டத்துக் குடியிருப்பை அங்கே லயம் என்பார்கள். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடு, வீட்டுக்கு ஒன்றரை அறை. அந்த லயத்தில் நான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வர அவர்களுக்கு முடியாது. காய் எடுக்கும் பருவத்தில் தோட்டத்துக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். அதனால் எப்சிபா சனிக்கிழமைதோறும் மத்தியானத்துக்கு மேல் ஜீப் ஏறி மேலே போய், அவர்களோடு ஜெபித்து, பாடி, இரவு தங்கிவிட்டு விடிகாலை ஜீப்பில் இறங்கி ஆராதனைக்கு வந்துவிடுவாள். யாரும் அனுப்பவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. அது ஏசுவடியான் வீடு திரும்பும் நேரம்.

முதல் கூட்டத்துக்கே கருப்பம்மாள் வந்துவிட்டாள். கதவோரமாக உட்கார்ந்தாள்.

"என்ன மதினி, நீங்களும் வந்துட்டீங்க?" என்று எப்சிபா கேட்டாள்.

"எங்களைக் காப்பாத்திட்டுப் போன மனுசன் கும்பிட்ட சாமி எதுன்னு பாக்க வந்தேன் பேச்சி" என்றாள் கருப்பம்மாள்.

எப்சிபா என்ற பெயர் அவள் வாயில் கடைசிவரை நுழையவில்லை. பேச்சிதான்.

பன்னிரண்டு வருஷம் கருப்பம்மாள் அந்தச் சனிக்கிழமைகளைத் தவறவிடவில்லை. பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் ஞானஸ்நானம் வாங்கவில்லை. புருஷன் குலசாமிக்குச் சாமியாடுகிறவர், அவர் முகத்தை முறிக்க முடியாது. மகாராஜனின் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மதம் மாறினால் சாதிச் சான்றிதழில் சிக்கல் வரும் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை போடியிலிருந்து ஆயர் மேலே வந்து, அந்த ஒன்றரை அறைக்குள் வெள்ளைத் துணி விரித்துத் திருவிருந்து கொடுப்பார். அப்பத்தைப் பிட்டுக் கையில் வைத்து, கிண்ணத்தில் திராட்சை ரசம் தருவார். ஞானஸ்நானம் வாங்கினவர்களுக்கு மட்டும்தான். அந்த நேரம் வந்தால் கருப்பம்மாள் யாரும் சொல்லாமலே எழுந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். முடிந்ததும் வந்து உட்காருவாள். எப்சிபாவுக்கு அது ஒருநாளும் வித்தியாசமாகப் படவில்லை. முறை அப்படி, அவ்வளவுதான் என்று இருந்தாள்.

இரண்டாயிரத்து பத்தொன்பது கடைசியில் கருப்பம்மாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தேனியில் பார்த்தார்கள், முற்றிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை எப்சிபா வழக்கம்போல மேலே போனாள். கொரோனாவுக்காக மறுநாள் ஊரெல்லாம் அடங்கியிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள்தானே, திங்கட்கிழமை இறங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள். திங்கட்கிழமை ஜீப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் கட்டையைப் போட்டு மூடிவிட்டார்கள். தமிழ்நாட்டுக்காரி, கேரளத்து லயத்தில் மாட்டிக்கொண்டாள். ஐம்பது நாளுக்கு மேல் அங்கேதான்.

போடியில் அப்போது ஆயராக இருந்தவர் மனாசே. முப்பத்து நாலு வயது. மென்மையாகப் பேசுகிறவர், எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவர். ஆலயம் பூட்டியிருந்ததால் அவர் கைபேசி வழியாக ஆராதனை நடத்தத் தொடங்கினார். லயத்தில் சிக்னல் கிடையாது. காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு, அதன் மேல் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கும். ஈஸ்டர் அன்று காலை நான்கு குடும்பமும் அந்தப் பாறையில் ஏறியது. அவரவர் வீட்டில் ரொட்டியும் திராட்சைச் சாறும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கிருந்து நான் ஜெபிப்பேன், நீங்கள் அங்கே உண்ணுங்கள் என்று ஆயர் முந்தின நாளே செய்தி அனுப்பியிருந்தார். இவர்களிடம் இருந்தது பழைய ரஸ்க் பாக்கெட் ஒன்று. ஆயர் இரண்டு கையையும் உயர்த்தினார். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. பனியில் நடுங்கிக்கொண்டு கால்மணி நேரம் காத்திருந்தார்கள். உயர்த்திய கை அப்படியே இருந்தது. கடைசியில் ஆளுக்கொரு துண்டு ரஸ்க்கை வாயில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள், மத்தியானம். மகாராஜன் மாத்திரைக்காகச் சாந்தன்பாறைக்கு நடந்து போயிருந்தான். தோட்டத்து மருந்தகத்தில் வலி மாத்திரை தீர்ந்து நாலு நாளாகியிருந்தது. கருப்பம்மாளின் புருஷன் முற்றத்தில் விறகு உடைத்துக்கொண்டிருந்தார். எப்சிபா அவள் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பேச்சி."

"சொல்லுங்க மதினி."

"அன்னைக்குப் பாறையில ஏறிச் சாப்பிட்டீகளே. எனக்கும் அது வேணும்."

எப்சிபாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கை நின்றுவிட்டது.

"பன்னெண்டு வருசமா வெளியில நின்னுட்டேன்" என்றாள் கருப்பம்மாள். "உள்ள எல்லாருக்கும் கெடைக்கும், நான் பிள்ளைகளோட நிப்பேன். சோறு மணத்தா மட்டும் போதுமா? ஒரு வாய் திங்க வேண்டாமா?"

"அய்யாவத்தான் கூப்பிடணும் மதினி. அவரால இப்ப வர முடியாதே."

"அவரு வர்ற வரைக்கும் நான் இருக்க மாட்டேன்."

எப்சிபா திரும்பவும் அவள் காலைப் பிடித்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்படின்னா மொதல்ல தண்ணி ஊத்தி ஜெபம் பண்ணட்டுமா? சாகக் கெடக்கையில யாரும் ஊத்தலாம்னு சொல்லிக் கேட்டுருக்கேன்."

கருப்பம்மாள் தலையை அசைத்தாள். "அது வேண்டாம். இந்த மனுசன் மனசு ஒடஞ்சு போகும். பேரை மாத்திடுவீக. எங்காத்தா வச்ச பேரோட போறேன். எனக்குச் சாப்பாடு மட்டும் போதும்."

எப்சிபா எழுந்து ஸ்டோர்ப் பாறைக்கு ஓடினாள். ஆயரைக் கேட்டுவிடலாம் என்றுதான் ஓடினாள். பாறையை மஞ்சு மூடிக்கிடந்தது. கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு திசையிலும் திரும்பினாள். ஒரு கோடுகூட விழவில்லை. அரைமணி நேரம் நின்றாள். இறங்கி வரும்போது தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டாள்: போன்ல வரும்னா, கையில வராதா?

வீட்டில் ரொட்டி இல்லை, ரஸ்க்கும் தீர்ந்துவிட்டது. காலையில் வேகவைத்த மரவள்ளி இருந்தது, அங்கே கப்பைக்கிழங்கு என்பார்கள். அடுப்பில் பால் விடாத கட்டன் காப்பி. கருப்பம்மாளின் துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்றைப் பலகையின் மேல் விரித்து, இரண்டையும் அதன் மேல் வைத்தாள். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஆயர் சொல்லும் வார்த்தை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றும் விடாமல் சொன்னாள். கிழங்கில் விரல்நுனி அளவு பிட்டு, காப்பியில் நனைத்துக் கருப்பம்மாளின் நாக்கில் வைத்தாள். விழுங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு எப்சிபாவும் ஒரு துண்டு உண்டாள்.

கருப்பம்மாள் கண்ணை மூடியபடியே, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாள்.

"இம்புட்டுத்தான் மதினி."

"நல்லாருக்கு" என்றாள்.

இரண்டு நாள் கழித்துச் செத்தாள். தோட்டத்துக்காரர் காட்டிய சரிவில் குழி வெட்டினார்கள். மகாராஜன் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினான். தள்ளி நின்ற எப்சிபாவைப் பார்த்து, "நீங்களும் ஒங்க ஜெபத்தைச் சொல்லுங்க அத்தை. ரெண்டு சாமியும் கேக்கட்டும்" என்றான். சொன்னாள். கருப்பம்மாளின் புருஷன் அதுவரைக்கும் கைகட்டி நின்றார்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஆலயத்தைத் திறந்தார்கள். திறந்த பின் வந்த முதல் திருவிருந்து ஞாயிறன்று, அடைபட்டிருந்த மாதங்களில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து ஜெபிப்பதாக இருந்தது. ஆராதனைக்கு முன் எப்சிபா ஒரு துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக்கொண்டு ஆயரிடம் போனாள்.

"கருப்பம்மாளா? நம்ம சபையில அப்படி யாரும் இல்லையேம்மா" என்றார் மனாசே.

அவள் நடந்ததைச் சொன்னாள். மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆயரின் முகம் மாறியது. அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போகப் பார்த்தார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. இரண்டடி தள்ளி நின்று காணிக்கைப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்த சபைச் செயலர் எலியேசர் வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

எலியேசர் வாத்தியார் கெட்டவர் இல்லை. அரசுப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஏசுவடியான் செத்தபோது எப்சிபாவின் மகன் யாபேஸுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் சபை என்று வந்துவிட்டால் அவருக்கு ஒழுங்குதான் உயிர்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. ஒன்பது ஆண்கள், இரண்டு பெண்கள். எப்சிபாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

"அப்பத்துக்கு என்ன வச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கப்பைக்கிழங்கு."

"ரசத்துக்கு?"

"கட்டன் காப்பி."

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தது யார் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேசினார்கள், அவளுக்கு அந்தச் சிரிப்புத்தான் காதில் நின்றது.

எலியேசர் வாத்தியார் சிரிக்கவில்லை. "எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்குனப்ப ஊர்க் கெணத்துல தண்ணி எடுக்க விடலை" என்றார். "சொத்துல பங்கு இல்லைன்னு அண்ணன் தம்பி அடிச்சுத் துரத்துனாங்க. அம்புட்டையும் தாங்கிட்டுத்தான் அந்த மேசைக்கு வந்தாரு. அந்தம்மா ஒண்ணையும் விடமாட்டாங்க, பேரக்கூட விடமாட்டாங்க, சாப்பாடு மட்டும் வேணும்னா, எங்க தாத்தா எதுக்கு அழுதாரு? நீங்க எதுக்கும்மா ஒங்க பேரை விட்டீங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

"எனக்கு வாதாடத் தெரியாது வாத்தியாரய்யா" என்றாள். "ஒண்ணு கேக்குறேன். ஈஸ்டர் அன்னைக்கு அய்யா கையைத் தூக்குன ஒடனே போன்ல படம் நின்னு போச்சு. நாங்க ரஸ்க்கைத் தின்னுட்டு எறங்குனோம். அன்னைக்கு நாங்க தின்னது விருந்தா, இல்லையா?"

ஆயர் மனாசே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் அவளுக்குத் திருவிருந்து இல்லை என்றும், வேதபாடம் வாசிக்கக் கூடாது என்றும் முடிவானது. அதோடு ஒரு மன்னிப்புக் கடிதம். எலியேசர் வாத்தியார் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதி நீட்டினார். எப்சிபா வரியின் கீழே விரலை ஓட்டி முழுவதையும் வாசித்தாள். பாதியில் விரல் நின்றது.

"அதிகாரமில்லாமச் செஞ்சேன்னு எழுதியிருக்கீங்க. சரிதான், போடுறேன். சபை ஒழுங்கை மீறினேன்னு இருக்கு. அதுவும் சரி. இந்த வரி மட்டும் வேண்டாம். நான் கொடுத்தது திருவிருந்தே அல்லன்னு இருக்கே."

"அதுதானே உண்மை?"

"அப்படிக் கையெழுத்துப் போட்டா, சாகப் போறவகிட்ட ஒண்ணைக் காட்டி வேறொண்ணைக் கொடுத்து ஏமாத்துனவ ஆயிருவேன். தப்பு செஞ்சவளா இருந்துட்டுப் போறேன். ஏமாத்துனவளா இருக்க மாட்டேன்."

ஆயர் அந்த ஒரு வரியை அடித்துவிடலாமே என்று தயங்கிச் சொன்னார். அந்த வரிதான் கடிதமே என்றார் எலியேசர் வாத்தியார். அந்த வரி இருக்கட்டும் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னார்கள். ஒன்பது கை உயர்ந்தது. ஆயரின் கை எல்லாருக்கும் கடைசியாக உயர்ந்தது. அந்த இரண்டு பெண்களும் கையைத் தூக்கவில்லை, எதிர்த்தும் பேசவில்லை.

அவள் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே ஆறு மாதம் என்று சொன்ன தண்டனைக்கு முடிவும் இல்லாமல் போனது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்றைக்கும் அவள் வருவாள், பின்வரிசையில் உட்காருவாள். அவள் வாசித்த இடத்தில் இப்போது கல்லூரி படிக்கும் ஒரு பெண் வாசித்தாள், நன்றாகவே வாசித்தாள். முதலில் சிலர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். பிறகு அது எல்லாருக்கும் பழகிவிட்டது. பரிதாபத்தைவிட அந்தப் பழக்கம்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

யாபேஸ் தேனியில் கைபேசிக் கடை வைத்திருந்தான். அவனும் மருமகள் வித்யாவும் அங்கே ஒரு பெரிய மண்டபத்தில் நடக்கும் ஆராதனைக்குப் போகிறவர்கள்.

"அம்மா, அந்தப் பழைய சட்டமெல்லாம் அங்க கெடையாது. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, வாங்க" என்று அவன் பலமுறை கூப்பிட்டான்.

ஒருநாள் போனாள். குளிர்சாதனம் போட்ட மண்டபம், சுவரை அடைத்த திரை, டிரம்ஸ், கிட்டார். பிள்ளைகள் கண்ணை மூடிக் கையை உயர்த்திப் பாடினார்கள். அவள் அதைக் குறை சொல்லவில்லை. அழுதுகொண்டே பாடிய ஒரு பையனைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கியது. திருவிருந்து நேரம் வந்தபோது தட்டில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்கள் வந்தன. மேலே ஒரு தாளை உரித்தால் காசு அளவு அப்பம். இன்னொரு தாளை உரித்தால் சாறு. அவள் கையிலும் ஒன்று வந்து சேர்ந்தது. நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவளால் அதைப் பிரிக்க முடியவில்லை. மூடியிருந்தபடியே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏன் அத்தை எடுக்கலை?" என்று வித்யா கேட்டாள்.

"போடியில என்னைய வேண்டாம்னு சொல்றதுக்காச்சும் என் பேரு தெரியணும் ஆத்தா. இங்க என் பேரே யாருக்கும் தெரியாது. தெரியாம எப்படி ஒண்ணாத் திங்கிறது?"

வித்யா அத்தையின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மே மாதம் ஆயர் மனாசேக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், காலை பதினோரு மணிக்கு, அவர் எப்சிபாவின் வீட்டுக்கு வந்தார். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோகும் சின்னக் கறுப்புப் பெட்டி கையில் இருந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அன்னைக்கு நான் கை தூக்கினது எனக்கே நிச்சயமில்லாமத்தான்மா. தூக்கலைன்னா சபை ரெண்டாப் போயிரும்னு பயந்தேன். ராத்திரி எத்தனையோ நாள் தூங்கலை. நீங்க செஞ்சது சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. ஆனா ஒங்களுக்கு நாங்க செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியும்." பெட்டியை மேசைமேல் வைத்தார். "நான் போறதுக்கு முன்னாடி ஒங்களுக்குக் கொடுத்துட்டுப் போகணும். கதவைச் சாத்திக்கலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

எப்சிபா வெகுநேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வேண்டும் என்றுதான் இருந்தது. கை அதுபாட்டுக்கு மேசைவரை போய்விட்டுத் திரும்பியது.

"வேண்டாம் அய்யா" என்றாள். "கதவைச் சாத்திக் கொடுத்தா, திருடித் திங்கிற மாதிரி இருக்கும். நான் அன்னைக்கு மதினிக்குக் கதவைத் தொறந்து வச்சுத்தான் கொடுத்தேன். அவ புருசன் முத்தத்துல நின்னாரு, எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். ஒண்ணும் சொல்லலை."

மனாசே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரைவிட இருபத்திரண்டு வயது மூத்தவள் அவள். ஏசுவடியான் அழும்போது செய்வதைப் போல முதுகில் தட்டிக்கொடுத்தாள். பிறகு காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எலியேசர் வாத்தியார் சொன்னதுதான் சரியோ? அது வெறும் கிழங்குதானோ? வார்த்தையில் ஒன்று பிசகியிருந்தால்? சில நாள் ஏலக்காய் பிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். பக்கத்துப் பெண்கள், "என்னக்கா?" என்பார்கள். "ஒண்ணுமில்லை" என்று தொடருவாள். கருப்பம்மாள் "நல்லாருக்கு" என்று சொன்னது ஒன்றுதான் அவளிடம் இருந்த சாட்சி. சாகப் போகிறவள், அன்புக்காகவும் சொல்லியிருக்கலாம்.

சனிக்கிழமைகளை மட்டும் விடவில்லை. லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிவிட்டன. கருப்பம்மாளின் புருஷன் செத்ததும் மகாராஜனும் குரங்கணிப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த வீடுகளில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் நான்கு பெண்கள் கிறிஸ்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள், இவள் ஒன்று பாடுவாள். மூத்தவள் சலோமி மட்டும் தோட்டத்தில் பொறுக்கிய நாலு தமிழ் வார்த்தையும் நாலு மலையாள வார்த்தையும் சேர்த்துப் பேசுவாள்.

இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை சலோமி கேட்டாள்: "சேச்சி, சர்ச்சு எங்க? நாங்க வரணும். அப்பம் வேணும். ஒரு வருசம் ஆச்சு."

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. விடிகாலை ஜீப்பில் நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளைகள் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தார்கள். ஆலயத்தில் புதிதாக வந்திருந்த ஆயரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் இந்தியில் ஏதோ கேட்டார், அவர்கள் சொன்னார்கள், அவர் தலையாட்டினார். எலியேசர் வாத்தியாருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது, கைத்தடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார், எப்சிபாவைப் பார்த்தார்.

திருவிருந்துக்கு வரிசை நகர்ந்தது. நான்கு பெண்களும் எழுந்தார்கள். எப்சிபா எழவில்லை. இரண்டடி போன சலோமி திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வா, சேச்சி."

"நீங்க போங்க ஆத்தா."

"நீ?"

பெரிய கதை. சலோமிக்குத் தெரிந்த நாலு வார்த்தைக்குள் அதை அடக்க முடியாது. எப்சிபா கையை விடுவித்து, அந்தப் பெண்ணின் முந்தானையைத் தோளில் சரிசெய்துவிட்டாள்.

"நான் சாப்பிட்டேன்" என்றாள். "நீ போ, வெரசாப் போ. வரிசை போயிரும்."

சலோமி போனாள். நான்கு பேரும் முழங்காலில் நின்று கை நீட்டி வாங்கியதை எப்சிபா பின்வரிசையிலிருந்து பார்த்தாள். திரும்பி வந்தபோது கடைசிப் பெண் அழுதுகொண்டிருந்தாள். எப்சிபா நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் அவர்களைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய் இட்லி வாங்கிக் கொடுத்தாள். பூப்பாறை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பஸ் கிளம்பும்போது சலோமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அடுத்த சனி?" என்று கேட்டாள்.

"வர்றேன்" என்றாள் எப்சிபா.